லேப்டாப் இருந்தா மியூசிக் போட்டுடலாமா? ஹோம் ஸ்டூடியோ ஆசை உள்ளவர்கள் எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும்?

'ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன் போதும்... ஆறே மாசத்துல நீங்களும் மியூசிக் புரொட்யூசர்!' ரீல்ஸ் பார்க்கும்போது இப்படி ஒரு விளம்பரமாவது கண்ணில் பட்டிருக்கும். இன்னொரு பக்கம், இரண்டு வரி டைப் செய்தால் முழுப் பாட்டையே கையில் கொடுத்துவிடும் ஏஐ செயலிகள். இரண்டுக்கும் நடுவில், தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து, "கோர்ஸ்ல சேரலாமா, அந்தக் காசுக்கு மைக் வாங்கலாமா, இல்ல இந்த ஆசையே வேண்டாமா?" என்று யோசிப்பவர்களுக்கான கட்டுரை இது.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பாட்டு உருவாக்கும் கருவி இன்று ரொம்ப மலிவு. பல நேரங்களில் இலவசம். சரியாகக் கேட்கப் பழகுவது, அறையைச் சரிசெய்வது, உரிமையைக் காப்பாற்றிக்கொள்வது ஆகியவைதான் காசும் நேரமும் கேட்கிற வேலைகள். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான், இஎம்ஐ முடிவதற்குள் ஆசை முடிந்துவிடுகிறது.

வீட்டில் இருந்தே பாட்டு... இது புதுசா?

இல்லை. தமிழ் சினிமாவுக்கு இது முப்பது வருஷத்துக்கும் மேல் பழக்கமான கதை.

1983-ல் 'மிடி' என்ற பொது மொழி வந்தது. எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் இன்னொரு கம்பெனியின் கருவியோடும் கணினியோடும் பேச வைத்தது இதுதான். மூன்றே வருடத்தில், 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்கு இளையராஜா கம்ப்யூட்டரையும் சீக்வென்சரையும் பயன்படுத்தினார். 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டூடியோவைத் தொடங்கினார். விளம்பர ஜிங்கிள்கள் செய்துகொண்டிருந்த அந்த இடத்திலிருந்துதான் 1992-ல் 'ரோஜா' வெளியே வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது.

இந்தியாவின் முதல் எலக்ட்ரானிக் இசை ஸ்டூடியோ இதற்கும் முந்தையது. 1969-ல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு 'மூக்' சின்தசைசர் வந்து சேர்ந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அமைத்துக் கொடுத்த அந்த ஸ்டூடியோவில் கீதா சாராபாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் செய்த பதிவுகள் பல பத்தாண்டுகள் டேப்களிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. 2023-ல்தான் ஆல்பமாக வெளிவந்தன.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று ஒரு சின்தசைசரின் விலை ஒரு நிறுவனத்தின் பட்ஜெட். இன்று அதே மாதிரி ஒலி, போனில் இருக்கும் ஆப்பில் கிடைக்கிறது.

எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்?

பாட்டை உருவாக்கி, பதிவு செய்து, மிக்ஸ் செய்யும் மென்பொருளுக்கு டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர். சுருக்கமாக 'டா'. எந்த 'டா' பெஸ்ட் என்ற சண்டை யூடியூப் கமென்ட்டுகளில் முடிவே இல்லாமல் ஓடுகிறது. தொடங்குபவர்களுக்கு இந்தச் சண்டையே தேவையில்லை.

ஐபோன் அல்லது மேக் இருந்தால் காரேஜ்பேண்ட் இலவசம். பேண்ட்லேப் ஆப்பை ஆண்ட்ராய்டு போனிலேயே இலவசமாகப் பயன்படுத்தலாம். ரீப்பர் 60 நாட்கள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கத் தருகிறது. அதன் பிறகு தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். எஃப்எல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பில் எல்லாம் வேலை செய்யும். ஆனால் சேமித்த ப்ராஜெக்ட்டைத் திரும்பத் திறக்க முடியாது. காசு கொடுத்து ஒருமுறை வாங்கிவிட்டால், வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம். ஏபிள்டன் லைவின் சின்னப் பதிப்பு, பல ஆடியோ இன்டர்ஃபேஸ்களோடு சேர்த்தே வரும்.

கிராக் செய்த மென்பொருள் வேண்டாம். வைரஸ் ஒரு காரணம். இன்னொன்று, ஆறு மாதம் கழித்து கிளையன்ட் 'அந்த ப்ராஜெக்ட்ல வாய்ஸை மட்டும் கொஞ்சம் குறைங்க' என்று கேட்கும்போது ஃபைல் திறக்காது. அந்த ஒரு போன் காலில் போகும் பெயர், லைசென்ஸ் விலையைவிட அதிகம்.

தொடக்கப் பாடங்களுக்கும் காசு தேவையில்லை. பீட், பேஸ், கார்டு எப்படிச் சேர்கின்றன என்பதை பிரவுசரிலேயே தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஏபிள்டன் நிறுவனம் ஒரு இலவச இணையதளம் வைத்திருக்கிறது. சின்தசைசர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

கீபோர்டில் கமகம் வருமா?

நம் ஊரில் இசை கற்றவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. கர்நாடக சங்கீதமோ நாட்டுப்புறப் பாட்டோ தெரிந்த ஒருவர் மிடி கீபோர்டைத் தொட்டதும், "என்னங்க இது, ஸ்வரம் எல்லாம் படிக்கட்டு மாதிரி நிக்குது?" என்பார்.

காரணம் எளிது. மிடி என்பது ஒலியே கிடையாது. அது ஒரு கட்டளைக் குறிப்பு. 'இந்த ஸ்வரத்தை, இந்த நேரத்தில், இவ்வளவு அழுத்தமாக வாசி' என்று மட்டும் சொல்லும். அழுத்தத்துக்கு 128 படிகள். ஸ்வரங்களோ பியானோ கட்டைகளில் இருப்பதுபோல் தனித்தனியாக நிற்கும். ஆனால் ஸ்வரத்தை வளைக்க 'பிட்ச் பெண்ட்' என்று ஒரு சக்கரம் உண்டு. அதில் 16,384 படிகள். கமகம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பழைய மிடியில் பிட்ச் பெண்டைத் திருப்பினால், அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்தே வளையும். 2018-ல் தரப்படுத்தப்பட்ட 'எம்பிஇ' முறையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வளைவு சாத்தியம். ரஹ்மான் மேடையில் விரலை வழுக்கியபடி வாசிக்கும் 'கன்டினூவம்' கருவி, இந்த மாதிரி நழுவும் ஸ்வரங்களுக்காகவே உருவானது. 2020-ல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 இன்னும் நுணுக்கமான அளவுகளைத் தருகிறது.

உடனே அந்த விலை உயர்ந்த கருவிகளை வாங்க ஓட வேண்டாம். தெரிந்த ஒரு ராகத்தின் நான்கு வரியை சாதாரண மிடி கீபோர்டில் வாசித்து, பிட்ச் பெண்ட் கோட்டை மவுஸால் வரைந்து பாருங்கள். எரிச்சலான வேலைதான். ஆனால் ஒரு கமகம் எங்கே தொடங்கி எங்கே போய்த் திரும்புகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்போது, பாட்டு டீச்சர் பத்து வருஷமாகச் சொன்னது புரியும். பாடத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் இருக்கும் பெரிய பலம் இந்தக் காதுதான்.

உண்மையான வில்லன்: பத்துக்குப் பத்து அறை

'ஹெட்போன்ல சூப்பரா இருந்துச்சு. கார்ல போட்டா பேஸ் மட்டும் இடிக்குது. ஏன்?' வீட்டில் மிக்ஸ் செய்யும் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. ஸ்பீக்கரில் மிக்ஸ் செய்தவர்களுக்கு, குற்றவாளி பெரும்பாலும் அறைதான்.

கொஞ்சம் கணக்கு போடலாம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 அடி என்பது சுமார் 3.05 மீட்டர். இந்த நீளத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பும்போது, சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒரு 'நிற்கும் அலை' உருவாகிறது. அந்த ஒலி சுவர் ஓரத்தில் பூதாகாரமாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். எலக்ட்ரானிக் இசையில் கிக் டிரம்மின் அடிநாதம் இருப்பதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான்.

இப்போது என்ன நடக்கும்? அறை நடுவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு கிக் கேட்கவில்லை. ஏற்றுகிறீர்கள். இன்னும் ஏற்றுகிறீர்கள். அந்தப் பாட்டை வேறு இடத்தில் போட்டால் கதவே அதிர்கிறது. அறையின் நீளமும் அகலமும் ஒரே அளவாக இருந்தால் இரண்டு பக்கத்துப் பிரச்சினையும் ஒரே ஹெர்ட்ஸில் சேர்ந்து இரட்டிப்பாகும். பத்துக்குப் பத்து மோசமான அளவு என்று ஒலிப் பொறியாளர்கள் சொல்வது இதனால்தான். பத்துக்குப் பன்னிரண்டு கொஞ்சம் பரவாயில்லை.

தீர்வு என்ன? முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளிச் சத்தம் உள்ளே வராமலும் உள் சத்தம் வெளியே போகாமலும் தடுப்பது 'சவுண்ட் புரூஃபிங்'. அதற்குக் கனமான சுவரும் காற்று புகாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் கிட்டத்தட்ட நடக்காத காரியம். அறைக்குள் எதிரொலியைக் கட்டுப்படுத்துவது 'அக்கூஸ்டிக் ட்ரீட்மென்ட்'. இதை நாமே செய்யலாம்.

முட்டை அட்டையை ஒட்டுவது இந்த இரண்டில் எதையும் செய்யாது. மெல்லிய அட்டை கொஞ்சம் உச்ச ஒலியை உறிஞ்சும். பேஸைத் தொடக்கூட முடியாது. ஒரு இன்ச் ஃபோமும் அப்படியே. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 3.4 மீட்டர். அதை நிறுத்தத் தடிமன் வேண்டும். மரச் சட்டத்தில் நாலு இன்ச் ராக்வூல் அடைத்து, துணி போர்த்தி, மூலைகளிலும் ஸ்பீக்கர் ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் பக்கச் சுவர்களிலும் வைப்பது நல்ல வழி. தெரிந்த கார்பென்டர் ஒருவர் இருந்தால் வேலை முடிந்தது. ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம்.

அதற்கும் முன்னால், பைசா செலவில்லாத ஒரு சோதனை. அறை நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியை மாற்றி மாற்றி அடிக்கின்றன என்று அர்த்தம். தரையில் ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி, மூலையில் மெத்தை. குரல் பதிவுக்கு இதுவே பாதி வேலையை முடித்துவிடும். இரும்பு பீரோ இருந்தால் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி மைக்கை வைக்காதீர்கள். பீரோவும் சேர்ந்து பாடும்.

ரயில், விமானம், ஜிஎஸ்டி சாலை... எப்படி ரெக்கார்ட் செய்வது?

தென்சென்னைப் புறநகரின் ஒலி வரைபடம் கொஞ்சம் ஸ்பெஷல். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் பாதை ஒரு பக்கம். அதை ஒட்டியே ஜிஎஸ்டி சாலை. மீனம்பாக்கம் விமான நிலையத்தைச் சுற்றி பல்லாவரம், பொழிச்சலூர், பம்மல். சேலையூர் பக்கம் போனால் தாம்பரம் விமானப்படைத் தளம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வாங்கினால், பாடகரின் குரலோடு குரோம்பேட்டை ஸ்டேஷனும் சேர்ந்து பதிவாகும்.

இந்தச் சூழலில் டைனமிக் வகை மைக் நல்ல தேர்வு. வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடும் வகை அது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தை 30 சென்டிமீட்டரிலிருந்து 15 ஆகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். பின்னணிச் சத்தம் அப்படியே இருக்கும். அதனால் கெய்னைக் குறைத்துக்கொள்ளலாம். ரயிலும் சேர்ந்து குறையும். 'டைனமிக்னா மேடைக்குத்தானே?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' ஆல்பத்தில் பாடியது ஷ்யூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில்தான்.

ரயிலின் உறுமல் பெரும்பாலும் அடி ஒலி. குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் 'ஹை பாஸ் ஃபில்டர்' போட்டால் பெரும்பகுதி போய்விடும். விமானச் சத்தம் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காருவதால், அதை ஃபில்டரால் முழுக்க எடுக்க முடியாது. அது கடந்து போகும்வரை காத்திருந்து இன்னொரு டேக் எடுப்பதுதான் வழி. சீலிங் ஃபேனையும் ஏசியையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மே மாதத்தில் ஒவ்வொரு டேக்கும் ஒரு தவம்தான்!

பறை போன்ற கருவி என்றால் கணக்கே வேறு. அடி விழும் அந்த நொடியில் ஒலி சட்டென்று உச்சத்துக்குப் போகும். சின்ன அறையில் எல்லாச் சுவரும் சேர்ந்து கத்தும். கெய்னை நன்றாகக் குறைத்து, மைக்கைத் தள்ளி வைத்து, முடிந்தால் மொட்டை மாடியில் பதிவு செய்யுங்கள். திறந்த வானத்துக்குக் கீழே எதிரொலி ரொம்பவே குறைவு. பகலில், பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு.

பக்கத்து வீடு என்றதும் இன்னொன்று. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. 'நைட்டுதான் ஃப்ளோ வரும்' என்பவர்களுக்கு ஹெட்போன்தான் துணை.

பதிவு செய்யும்போது நினைவில் வைக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான்:

- 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். சினிமா, வீடியோ வேலைகளுக்கு இதுதான் வழக்கமான அளவு. ஒரு நிமிட மோனோ குரலுக்குச் சுமார் 8.6 எம்பி இடம் பிடிக்கும்.
- மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருந்தால் போதும். சிவப்பைத் தொட்டால் உடைந்த ஒலியைப் பிறகு ஒட்ட முடியாது.
- பாடும்போது 'பஃபர்' அளவு 128. அப்போது கணினி சேர்க்கும் தாமதம் ஒரு திசையில் 3 மில்லிவிநாடிக்கும் குறைவு. பாடுபவருக்குத் தன் குரல் பின்தங்கிக் கேட்காது. மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடலாம், லேப்டாப் மூச்சுவிடும்.
- ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சராசரியாக மைனஸ் 14 லஃப்ஸ் சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். 'நம்ம பாட்டு எல்லாரையும் விட சத்தமா கேக்கணும்' என்று நசுக்கிப் பிழிவதில் லாபம் இல்லை.

சென்னைக்கே உரிய இரண்டு ஆபத்துகளும் உண்டு. ஒன்று ஈரப்பதம். கண்டென்சர் மைக் வைத்திருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இன்னொன்று மழை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் எப்படி வந்தது என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரைத்தள வீடு என்றால் ஹார்டு டிஸ்க்கைத் தரையில் வைக்காதீர்கள். ப்ராஜெக்ட்டின் ஒரு பிரதி எப்போதும் கிளவுடில் இருக்கட்டும். கருவியை மறுபடி வாங்கலாம். பாடியவரின் அந்த ஒரு நல்ல டேக்கை வாங்க முடியாது.

எங்கே படிக்கலாம்?

நிறைய பேருக்குத் தெரியாத, புறநகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடம் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம். 1940-களில் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட அரசு நிறுவனம். ஒளிப்பதிவு, படத்தொகுப்போடு ஒலிப்பதிவுக்கும் இங்கே நான்கு ஆண்டு பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டம் தமிழ்நாடு அரசின் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் வழியாக. அரசுக் கட்டணம் என்பதால் தனியாருடன் ஒப்பிடவே முடியாது. இடங்கள் குறைவு, போட்டி உண்டு. பிளஸ் டூ முடிப்பவர்கள் கோடையில் வரும் சேர்க்கை அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம்.

பட்டம் முடித்தவர்களுக்குப் புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனத்திலும் ஒலிக்கென்று முதுநிலைப் படிப்பு உண்டு. 2009-ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர்தான்.

இசையமைப்பு, இசைத் தொழில்நுட்பம் என்றால் சென்னையில் 2008-ல் ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி உண்டு. வேலையை விட முடியாதவர்களுக்கு, இங்கிலாந்தின் ராக்ஸ்கூல் அமைப்பு நடத்தும் மியூசிக் புரொடக்‌ஷன் கிரேடு தேர்வுகள், பெர்க்லி கல்லூரியின் ஆன்லைன் அறிமுகப் பாடங்கள் ஆகியவை இருக்கின்றன.

ஏரியாவுக்கு ஏரியா முளைத்திருக்கும் தனியார் 'ஆடியோ அகாடமி'களில் நல்லதும் உண்டு, போர்டு மட்டும் பெரிதாக இருப்பதும் உண்டு. பணம் கட்டும் முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

- ஒரு மாணவருக்குத் தனியாக எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ கிடைக்கும்? 'பேட்ச்சோட சேர்ந்து பார்க்கலாம்' என்றால் அது டெமோ, பயிற்சி இல்லை.
- உண்மையான டிரம்ஸ், வீணை, நாதஸ்வரத்தைப் பதிவு செய்யக் கற்றுத் தருகிறீர்களா? சாஃப்ட்வேர் மட்டும்தான் என்றால் அதை யூடியூபே இலவசமாகத் தரும்.
- சான்றிதழ் தருவது யார்? அது பல்கலைக்கழகப் பட்டமா, நிறுவனத்தின் சொந்த சர்டிஃபிகேட்டா?
- பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதெல்லாம் முடித்தால் வேலை?

'மியூசிக் டைரக்டர்' என்ற ஒரே கதவைப் பார்த்து நிற்பதுதான் இங்கே நடக்கும் தவறு. படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள். மியூசிக் புரோகிராமிங், ரெக்கார்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங், சவுண்ட் டிசைன், டயலாக் எடிட்டிங், ஃபோலி. இத்தனை கதவுகள்.

சந்தோஷ் நாராயணன் 2012-ல் 'அட்டகத்தி'க்கு இசையமைக்கும் முன் ரெக்கார்டிங் இன்ஜினியராகவும் புரோகிராமராகவும் வேலை பார்த்தவர். ரஹ்மானின் பாடல்களுக்கு ஒலி வடிவம் கொடுத்த மறைந்த எச்.ஸ்ரீதர், இசையமைக்காமலேயே நான்கு தேசிய விருதுகள் வாங்கியவர். சினிமாவுக்கு வெளியேயும் பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம், விளம்பரம், கேம் என்று ஒலிக்கு வேலை இருக்கிறது. ஐடி வேலையை வைத்துக்கொண்டு, வார இறுதியில் ஒரு பாட்காஸ்ட்டுக்கு எடிட் செய்து கொடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. காது பழக அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

ஏஐ வந்துடுச்சே, இனி எதுக்குக் கத்துக்கணும்?

நியாயமான கேள்வி. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏஐ மூலம் ரஹ்மான் மீண்டும் கொண்டுவந்தார். குடும்பத்தினரின் அனுமதி பெற்று, அதற்கான தொகையும் கொடுத்ததாக அவர் விளக்கினார். அதே ஆண்டு 'கோட்' படப் பாடலில் மறைந்த பவதாரிணியின் குரல் ஒலித்தது. சூனோ, யூடியோ போன்ற செயலிகள் மீது 2024 ஜூனில் அமெரிக்காவில் பெரிய இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 இறுதியில் அவற்றில் சில சமரசமாகி, உரிம ஒப்பந்தம் வரை போயின. ஆக, இந்தத் தொழில்நுட்பம் போகப் போவதில்லை.

யாருக்கு முதலில் அடி விழும்? 'ஒரு நிமிஷத்துக்கு ஏதாவது பேக்ரவுண்ட் மியூசிக்' என்று கேட்கும் மலிவான வேலைகளுக்கு. அது ஏற்கெனவே கை நழுவத் தொடங்கிவிட்டது. ஆனால் 'லால் சலாம்' உதாரணத்தையே பாருங்கள். அந்தக் குரல் எந்த உணர்ச்சியில் வர வேண்டும், வந்தது சரியா என்று தீர்மானித்தது ஒரு மனிதரின் காது. ஒரு தெருக்கூத்துக் கலைஞரின் எதிரில் மைக்கை எங்கே வைப்பது என்றும் எந்தச் செயலிக்கும் தெரியாது. செயலி தருவதில் எது நல்லது, எது குப்பை என்று சொல்லத் தெரிந்தவருக்குச் சம்பளம் இருக்கும். ப்ரீசெட்டை மட்டும் அழுத்தத் தெரிந்தவருக்குச் சிரமம்தான்.

பாட்டு ஹிட்... காசு யாருக்கு?

கோர்ஸ்களில் அதிகம் சொல்லித் தராத பாடம் இது. 2021-ல் உலகம் முழுக்க ஒலித்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகப் பேசியது நினைவிருக்கலாம். அவ்வளவு பெயர் பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால், முதல் பாட்டு போடும் நமக்கு?

பதிப்புரிமைச் சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை சில. உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தில், கையெழுத்தோடு ஒப்பந்தம் வேண்டும். வாய்ப் பேச்சு செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். 2012-ல் வந்த திருத்தத்தின்படி, சினிமாவுக்கு எழுதினாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும், தியேட்டரில் படம் ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த ராயல்டியை வசூலித்துத் தருவது 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் அமைப்பு.

நண்பர்களோடு சேர்ந்து பாட்டு செய்தாலும் யார் பங்கு எத்தனை சதவீதம் என்று வெளியிடும் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். நட்பு கெடாமல் இருக்க அதுதான் நல்ல வழி. ஒவ்வொரு பதிவுக்கும் 'ஐஎஸ்ஆர்சி' என்ற 12 இலக்க அடையாளக் குறியீடு உண்டு. அது யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பாட்டின் இரண்டு விநாடித் துண்டை எடுத்து லூப் செய்தாலும் அனுமதி தேவை.

ஓகே, எந்த வரிசையில் செலவு செய்வது?

முதல் மூன்று மாதம்: செலவு ஏறக்குறைய பூஜ்ஜியம். இருக்கும் போன் அல்லது லேப்டாப், ஒரு இலவச 'டா'. நோக்கம் ஒன்றே ஒன்று, இரண்டு நிமிடப் பாட்டு மூன்றை முடிப்பது. நன்றாக வராவிட்டாலும் முடிக்க வேண்டும். எட்டு பார் லூப்போடு நின்றுவிடும் ஃபைல்கள் நூறு இருந்தாலும் அது அனுபவம் ஆகாது.

அடுத்த மூன்று மாதம்: முடிப்பது பழகிவிட்டது என்றால் ஒரு நல்ல ஹெட்போன், அடிப்படை ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக். தினமும் அரை மணி நேரம் உங்களுக்குப் பிடித்த பாட்டை உங்கள் பாட்டோடு ஒரே சத்த அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு போன் ஸ்பீக்கரில், ஷேர் ஆட்டோவின் பின்சீட் ஸ்பீக்கரில் கேட்க முடிந்தால் அங்கேயும்.

அதன் பிறகு: அறைக்குச் செலவு. ஸ்பீக்கர் வாங்குவது அதற்கும் பின்னால்தான். ட்ரீட்மென்ட் இல்லாத அறையில் விலை உயர்ந்த ஸ்பீக்கர் வைப்பது, கண்ணாடியைத் துடைக்காமல் புது ஹெட்லைட் மாட்டுவது மாதிரி.

கோர்ஸ் பற்றிய முடிவை இந்தக் கட்டத்தில் எடுங்கள். இப்போது உங்களுக்கு என்ன தெரியவில்லை என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியும். அகாடமியில் கேட்கும் கேள்வியும் கூர்மையாக இருக்கும். ஆறு மாதத்தில் மூன்று பாட்டைக்கூட முடிக்கத் தோன்றவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான். லட்ச ரூபாய் கடன் இல்லாமல் அந்தப் பதில் கிடைத்ததே லாபம்.